விஞ்ஞானி மாட்டிய ஃபேன்

என் கணவரின் அண்ணனுக்கு எங்கள் குடும்பத்தில் விஞ்ஞானி என்று பெயர். இந்தப் பட்டத்தை எந்தப் பல்கலைக்கழகமும் அவருக்குக் கொடுக்கவில்லை. அவர் ஒரு குழாய் கம்பெனியில் விற்பனை மேலாளர். எப்போதோ ஒரு இஸ்திரிப் பெட்டி சூடாகாமல் போனபோது ஒயரைக் கழற்றி மறுபடி மாட்டினார், அது சூடானது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எது பழுதானாலும் அவரைக் கூப்பிட வேண்டும் என்பது சட்டம். எதுவும் பழுதாகாவிட்டால் அவராகவே வருவார், வந்த பிறகு பழுதாகும். அந்த இஸ்திரிப் பெட்டி அடுத்த வாரமே புகைந்து போனதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கல்யாணமான புதிதில் நான் ஒருமுறை பேசினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

நான் புத்தகம் படிக்கிறவள். மனதுக்குள் அல்ல, வாய்விட்டு. ஒலிநூல் என்று ஒன்று இப்போது நன்றாகப் போகிறது. பஸ்ஸில் போகிறவர்கள், பாத்திரம் தேய்க்கிறவர்கள் எல்லாம் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறார்கள். உடம்பு இளைக்க வழிகள், தோட்டம் போடும் முறைகள் என்று சின்னச் சின்னதாகப் படித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தனி ஸ்டுடியோ எதுவும் கிடையாது. படுக்கையறையில் துணி அலமாரியின் கதவுகளை அகலத் திறந்து, தொங்குகிற துணிகளைப் பார்த்தபடி உட்கார்ந்தால் அறையின் எதிரொலி அடங்கிவிடும். என் கணவர் இதை நண்பர்களிடம், "அவ அலமாரியோட பேசிட்டிருக்கா" என்று சொல்லிச் சிரிப்பார். நண்பர்களும் சிரிப்பார்கள். சிரிப்பதற்கு அவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் தேவைப்படாது.

இப்போது முதல்முறையாக ஒரு நாவல் என்னைத் தேடி வந்திருந்தது. முழு நாவல். வருடக்கணக்கில் இதற்குத்தான் காத்திருந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. மாதிரிக்குச் சில பக்கங்கள் படித்து அனுப்பினேன். ஒலிநூல் நிறுவனத்தின் தயாரிப்பாளர் அம்மாள் போன் செய்தார். கறாரான பேர்வழி, வணக்கம்கூட அளந்துதான் சொல்வார்.

"குரல் நல்லா இருக்கு. ஆனா பின்னாடி ஒரு மிஷின் ஓடிக்கிட்டே இருக்கு. தோட்டம் போடுறதுக்கு அது பரவாயில்லை, நாவலுக்கு ஆகாது. திங்கட்கிழமைக்குள்ள ஒரு அத்தியாயம் சுத்தமா அனுப்புங்க. இல்லைன்னா இன்னொருத்தங்க காத்திருக்காங்க. நான் அவங்ககிட்ட குடுத்துடுவேன்."

அந்த மிஷின் என்னுடைய கம்ப்யூட்டர்தான். கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசசர் வேலை செய்தால் சூடாகும். அதன் தலைமேல் அலுமினியத் தகடுகளை அடுக்கிய ஒரு கட்டியும், கட்டிக்கு மேல் சூட்டை ஊதித் தள்ள ஒரு ஃபேனும் இருக்கும். என்னுடையதில் இருந்தது ப்ராசசரோடு இலவசமாக வந்த ஃபேன். இலவசத்துக்கு உரிய புத்தியோடு அது நாள் முழுக்க முனகிக்கொண்டிருந்தது. பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிப் பார்த்தேன். மேலே போர்வை போட்டுப் பார்த்தேன், அது மூச்சுமுட்டி இன்னும் அலறியது. பிறகு இணையத்தில் நாலு பேர் எழுதியதைப் படித்துவிட்டு, கட்டியை அப்படியே விட்டு மேலே இருக்கும் ஃபேனை மட்டும் மாற்றினால் போதும் என்று கண்டுகொண்டேன். சத்தமில்லாத ஃபேன் ஒன்று வாங்கி வந்தேன். நாலு ஸ்க்ரூ, ஒரு ஒயர். உள்ளே படம் போட்ட காகிதமும் இருந்தது.

நான் செய்த மடத்தனம், அந்த டப்பாவைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தது. என் கணவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை யாரு மாட்டப் போறா?"

"நான்தான். நாலு ஸ்க்ரூதாங்க."

"நீயா?"

அந்த ஒரு வார்த்தையை அவர் எப்படிச் சொன்னார் என்பதை என்னால் மைக் முன்னால் அப்படியே சொல்லிக் காட்ட முடியும். முதல் எழுத்தில் சிரிப்பு, இரண்டாவதில் இரக்கம். பல்பு மாற்ற வேண்டுமென்றால் ஸ்டூல் எங்கே என்று கேட்டு, ஸ்டூல் வந்ததும் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிடும் மனிதர் இவர்.

"கரண்ட் விஷயம். விளையாட்டு இல்லை. நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே, அண்ணன் வரட்டும்" என்று டப்பாவைத் தூக்கிப் பரண்மேல் வைத்துவிட்டார். சண்டை போட்டிருக்கலாம். சண்டை போட்டால் எனக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும், அத்தியாயம் இன்னும் படித்தாகவில்லை. அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிறு காலை விஞ்ஞானி வந்தார். கூடவே ஒரு கருவிப் பெட்டி. அதில் ஒரு சுத்தியலும் இருந்தது.

"சுத்தியல் எதுக்கு மாமா?" என்று கேட்டேன். அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன், மரியாதைக்குக் குறைவில்லை.

"எல்லாத்துக்கும் தயாரா இருக்கணும்மா" என்றார்.

கம்ப்யூட்டரைச் சாப்பாட்டு மேஜைமேல் படுக்கவைத்தார்கள். என் கணவர் செல்போன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். வீட்டில் வேறு எந்த வேலைக்கும் அவர் இவ்வளவு நேரம் கால் கடுக்க நின்று நான் பார்த்ததில்லை. விஞ்ஞானி பக்கத்து மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த தூசியைப் பார்த்து, "ச்ச்ச்" என்றார். பிறகு வாயைக் குவித்து ஊதினார். தூசி எழுந்து அவர் கண்ணிலேயே விழுந்தது. ஆபரேஷன் சிறிது நேரம் நிறுத்தி வைக்கப்பட்டது. நான் ஈரத்துணி கொண்டுவந்து கொடுத்தேன்.

"பாத்தியா, எவ்வளவு குப்பை? பொம்பளைங்க வீட்டைக் கூட்டுவாங்க, இதுக்குள்ள யாரு கூட்டுறது?" என்றார் ஒற்றைக் கண்ணைக் கசக்கியபடி.

நான் படம் போட்ட காகிதத்தை நீட்டினேன். அவர் அதைத் தொடவில்லை.

"அதெல்லாம் தெரியாதவங்களுக்குப் போடுறதும்மா."

"ஆமாண்ணே" என்றார் என் கணவர். காகிதத்தில் என்ன இருக்கிறது என்று இருவருக்குமே தெரியாது, ஆனால் அது தங்களுக்கானது இல்லை என்பதில் இருவருக்கும் சந்தேகமே இல்லை.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பழைய ஃபேனை அவர் ஒழுங்காகத்தான் கழற்றினார், புதிய ஃபேனையும் சரியான பக்கம் பார்த்துத்தான் மாட்டினார். ஒயரைக்கூடச் சரியான இடத்தில் செருகினார், நான் மூன்றுமுறை விரலால் காட்டிய பிறகு. அதோடு எழுந்து கையைக் கழுவியிருந்தால் இந்தக் கதைக்கே இடமில்லை. ஆனால் விஞ்ஞானி எந்த வேலையையும் சும்மா முடிக்க மாட்டார். முத்திரை வைப்பார். ஃபேனின் ஒயர் கொஞ்சம் நீளமாகத் தொங்கியது. பெட்டியிலிருந்து ஒயர் கட்டும் பிளாஸ்டிக் நாடாக்களை எடுத்து அந்த ஒயரை ஓரமாக இழுத்துக் கட்டினார். ஒன்று போதாதா, மூன்று போட்டார். நாடாவின் மிச்சம் வால் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

"வாலை வெட்டிடுங்க மாமா, இறக்கையில மாட்டப் போகுது."

"வால வெட்டக் கூடாது. பின்னாடி அவிழ்க்கறதுக்கு உதவும். இது அனுபவம்" என்றார். அவர் மாட்டிய எல்லாவற்றிலும் இந்த வால் உண்டு. எங்கள் வீட்டு மோட்டார், டிவிக்குப் பின்னால், வாசல் மணி, எங்கே கை வைத்தாலும் இவருடைய அனுபவம் விரலில் குத்தும்.

மூடியைப் போட்டு எல்லா ஸ்க்ரூவையும் முறுக்கினார். படுக்கையறைக்குத் தூக்கிப் போய் வைத்து, ஒயர்களை மாட்டி, பட்டனை அழுத்தினார். திரையில் ஒரு எச்சரிக்கை வந்து நின்றது. ப்ராசசர் ஃபேன் சுற்றவில்லை, சரிபார்க்கவும் என்றது. கம்ப்யூட்டர் மேற்கொண்டு போகவில்லை.

"என்னண்ணே இது?" என்று என் கணவர் பதறினார்.

விஞ்ஞானி சிரித்தார். "ஒண்ணும் இல்லடா. இது பழைய ஃபேனைத் தேடுது. புதுசு இன்னும் அதுக்குப் பழகலை."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே நம்பிச் சொன்னார். புது வீட்டுக்கு வந்த பூனைக்குச் சொல்கிற சமாதானத்தை ஒரு மிஷினுக்குச் சொன்னார்.

"மாமா, ஃபேன் சுத்தலைன்னு அதுவே சொல்லுது. மூடியத் திறந்து ஒரு தடவை பாத்துடலாமே."

"நான் இருக்கும்போது மிஷின் எனக்குப் புத்தி சொல்லுமா?" என்றார். கீ போர்டை இழுத்து, செட்டிங்குக்குள் போய், தட்டுத் தடுமாறி அந்த எச்சரிக்கையையே நிறுத்திவைத்துவிட்டார். நான் சொன்னால் அவர் கேட்கமாட்டார் என்பது தெரியும். கம்ப்யூட்டர் சொல்லியும் கேட்காத மனிதரை அன்றுதான் பார்த்தேன். திரையில் இருந்த எழுத்து மறைந்தது. கம்ப்யூட்டர் திறந்தது. அறை நிசப்தமாக இருந்தது.

அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் குனிந்து பெட்டியில் காதை வைத்தார்கள்.

"கேக்குதா?" என்றார் அண்ணன்.

"ஒண்ணுமே கேக்கலண்ணே!"

"அதான் இந்த ஃபேனோட விசேஷம்."

சுற்றாத ஃபேன் எப்படிச் சத்தம் போடும்? அதைச் சொல்ல வாயெடுத்தேன். என் கணவர் கையைக் காட்டி அடக்கினார். பெருமையில் அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "அண்ணன்னா அண்ணன்தான்" என்றார். நான் மைக்கை மாட்டிப் படிக்க உட்கார்ந்தேன். எனக்கும் ஒரு வக்கிரம் வந்துவிட்டது. ஆகட்டும், இவர்கள் கண் முன்னாலேயே ஆகட்டும் என்று நினைத்தேன்.

இரண்டாவது பக்கத்தில் கம்ப்யூட்டர் திணற ஆரம்பித்தது. திரையில் அம்புக்குறி விட்டுவிட்டு நகர்ந்தது. மூன்றாவது பக்கத்தில் திரை கறுத்து, பெட்டி பட்டென்று அணைந்தது. தொட்டுப் பார்த்தேன், தோசைக்கல் மாதிரி கொதித்தது. படித்தது அத்தனையும் போயிற்று.

"இது வேற பிரச்சினை" என்றார் விஞ்ஞானி உடனே. "வோல்டேஜ் சரியில்லை. ஃபேனுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை."

"சம்பந்தமே இல்லை" என்றார் என் கணவர்.

"கொஞ்ச நேரம் ஆறட்டும். சாப்பிட்டுட்டு வந்து ஒரு கை பாக்குறேன்."

சாப்பிட்டார்கள். நன்றாகவே சாப்பிட்டார்கள். முன்னறையில் ஆளுக்கொரு சோபாவில் சாய்ந்து, வோல்டேஜைப் பற்றிப் பேசிக்கொண்டே தூங்கிப் போனார்கள். நான் படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு மூடியைக் கழற்றினேன். நடு நாடாவின் வால் இறக்கைகளுக்கு நடுவே புகுந்து, ஃபேனை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நகம் வெட்டும் கத்தரியால் மூன்று வாலையும் நறுக்கினேன். பட்டனை அழுத்தியதும் ஃபேன் சுற்றியது. விரலை அருகே கொண்டுபோனால் காற்று தெரிந்தது, காதுக்கு எதுவும் தெரியவில்லை. செட்டிங்குக்குள் போய் எச்சரிக்கையைத் திரும்பவும் போட்டுவைத்தேன். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது.

உடனே படிக்க முடியவில்லை. முன்னறையிலிருந்து இரட்டைக் குறட்டை வந்துகொண்டிருந்தது. ஃபேனை மாற்றியாயிற்று, குறட்டையை மாற்ற எந்தக் கடையிலும் சாமான் விற்பதில்லை. போய் என் கணவரைத் தட்டி எழுப்பி, மெல்ல விஷயத்தைச் சொன்னேன். நறுக்கிய வால்களையும் காட்டினேன்.

அவர் முதலில் அண்ணன் விழித்திருக்கிறாரா என்று திரும்பிப் பார்த்தார். "இதை அவருகிட்ட சொல்லாதே. மனசு கஷ்டப்படும்."

"என் மனசு?"

"இப்ப சரியாயிடுச்சுல்ல? யாரு பண்ணா என்ன?" என்றார். யார் செய்தால் என்ன என்ற ஞானம், நான் செய்த பிறகுதான் அவருக்கு வருகிறது. அண்ணனை எழுப்பி, காற்றாட நடந்துவிட்டு வரலாம் என்று வெளியே கூட்டிப் போனார். அந்த ஒரு உதவியை மறுக்க மாட்டேன்.

வீடு காலியானது. அலமாரிக் கதவுகளைத் திறந்தேன். அது ஒரு தையல்காரியின் அத்தியாயம். முப்பது வருடம் நடத்திய கடையை விற்றுவிட்டு, கடைசி நாள் கதவைப் பூட்டிச் சாவியைப் புதியவரிடம் கொடுக்கிறாள். கொடுத்த பிறகு பழக்கத்தில் பூட்டை இழுத்துப் பார்க்கிறாள். அந்த இடத்தில் நான் நிறுத்தினேன். எழுத்தில் அப்படி நிறுத்தச் சொல்லவில்லை, எனக்குத் தோன்றியது. அவள் மூச்சு எப்படி இருந்திருக்குமோ அப்படி ஒரு மூச்சு விட்டேன். முன்பெல்லாம் அந்த மாதிரி இடத்தில் பழைய ஃபேன்தான் முனகும். இப்போது அவள் மட்டும் இருந்தாள். பொழுது சாய்வதற்குள் முடித்து அனுப்பிவிட்டேன்.

மறுநாள் மதியம் தயாரிப்பாளர் அம்மாள் கூப்பிட்டார்.

"மிஷின் சத்தம் போயிடுச்சு. அதுக்காகக் கூப்பிடலை" என்றார். "பூட்டை இழுத்துப் பாக்குறாளே, அங்க ஒரு மூச்சு விட்டீங்களே. நான் அந்த இடத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்டேன். நாவல் உங்களுக்குத்தான். வீட்டுல எல்லாருக்கும் போட்டுக் காட்டுங்க."

அவ்வளவு கறாரான குரல் தழுதழுத்ததை என் காதால் கேட்டேன். போனை வைத்துவிட்டு, அடுப்படியில் நின்று கொஞ்ச நேரம் அழுதேன்.

நாவல் கிடைத்த செய்தியை என் கணவர் தன் அண்ணனுக்குச் சொன்னார். சொன்ன விதம் இது: "அண்ணே, நீ மாட்டின ஃபேன் பாஸாயிடுச்சு." சாயங்காலம் விஞ்ஞானி நேரில் வந்துவிட்டார். சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு, பரிசு வாங்கப் போகிறவர் மாதிரி வந்து சோபாவில் உட்கார்ந்தார்.

"எங்க, அந்த ரெக்கார்டைப் போடும்மா. கேப்போம்."

எனக்குப் போட மனமில்லை. ஆனாலும் ஒரு ஆசை இருந்தது, மறைப்பானேன். இத்தனை வருடத்தில் நான் படித்த எதையும் இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. நான் அலமாரியோடு பேசுகிறவள். யாரோ ஒரு அம்மாளைத் தழுதழுக்க வைத்தது, என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்ட மனிதரையும் கொஞ்சம் அசைக்காதா? ஸ்பீக்கரைக் கொண்டுவந்து நடுவில் வைத்துப் போட்டேன்.

இருவரும் பேசவில்லை. செல்போனை எடுக்கவில்லை. விஞ்ஞானி தலையைச் சாய்த்து, விரலை உதட்டில் வைத்துக்கொண்டார். என் கணவர் கண்ணை மூடிக்கொண்டார். தையல்காரி கடைசித் துணியை மடித்தாள். இயந்திரத்துக்கு உறை போட்டாள். அவர் கண் திறக்கவில்லை. அவள் சாவியைக் கொடுத்தாள். பூட்டை இழுத்துப் பார்த்தாள். அந்த மூச்சு வந்தபோது என் கணவர் இன்னும் முன்னால் குனிந்து, புருவத்தைச் சுருக்கி, அந்த இடத்தைத் தவறவிடக் கூடாது என்பதுபோலக் கேட்டார். பாவம், இந்த மனிதரை நான் ரொம்பத்தான் திட்டிவிட்டேனோ என்றுகூட நினைத்தேன்.

அத்தியாயம் முடிந்தது. விஞ்ஞானி நிமிர்ந்து தம்பியின் தொடையில் ஓங்கித் தட்டினார்.

"பாத்தியாடா? ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் ஒரு சத்தம் இல்லை!"

"இல்லண்ணே. நடுவுல ஒரு இடத்துல கப்சிப்புன்னு ஆச்சே, அங்கதான் ஃபேன் சத்தம் மாட்டும்னு நெனச்சு நல்லா உன்னிப்பாக் கேட்டேன். அங்ககூட ஒண்ணுமே இல்லை!"

இருவர் முகத்திலும் அப்படி ஒரு திருப்தி. நான் ஸ்பீக்கரின் ஒயரைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டே என் கணவரிடம் கேட்டேன்.

"சரி, கதை எப்படி இருந்துச்சு?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பொய் சொல்லவோ சமாளிக்கவோ அவர் முயலவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"எந்தக் கதை?"